மலையிலிருந்து மன்றத்திற்கு

நுழையும்முன்

மக்களாட்சியின் வேர் சிற்றூரில் இருக்கிறது. ஊருக்குச் சாலை வேண்டுமா, குடிநீர்த் தொட்டி வேண்டுமா என்பதை அவ்வூரில் வாழ்வோரே கூடி முடிவு செய்வதே உள்ளாட்சி. அம்முடிவுகளில் நெடுங்காலம் இடம்பெறாதிருந்தவர்கள் பழங்குடிப் பெண்கள். இன்று சட்டம் அவர்களுக்கு இருக்கை அளித்திருக்கிறது. அந்த இருக்கை எவ்வாறு அதிகாரமாக மாறுகிறது என்பதை வேலூர் மாவட்ட மலையூர்களை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

மலையும் சமவெளியும்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், சவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி ஒடுகத்தூர். மலையில் தோன்றும் உத்திரகாவிரி ஆறு இப்பகுதி வழியே ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. மலையில் விளையும் சாமையும் புளியும் சீத்தாப்பழமும் ஒடுகத்தூர் வழியாகவே சமவெளிச் சந்தைகளை அடைகின்றன. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய மூன்று மலை ஊராட்சிகளின் மக்களுக்கு மருத்துவம், கல்வி, வணிகம் முதலிய தேவைகளுக்கான வாயிலாக இவ்வூர் விளங்குகிறது.

மலைக்கும் சமவெளிக்கும் உள்ள உறவு பழைமையானது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. குரோமிய உப்புகள் வழக்கத்திற்கு வருமுன்னர் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே தோல் பதனிடப் பயன்பட்டன. கடுக்காய் மலைக்காடுகளில் கிடைப்பது. அதனைப் பொறுக்கி, உலர்த்தி, தலைச்சுமையாகக் கொண்டுவரும் வேலையில் மலைப் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. மலையின் விளைபொருள் சமவெளித் தொழிலை வளர்த்தது. ஆயினும் மலை மக்களின் குரல், முடிவெடுக்கும் அவைகளை அதே அளவில் சென்றடையவில்லை.

சவ்வாது மலையில் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயர் கேரள மக்களைக் குறிப்பதன்று. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்குவது. இவர்களின் தாய்மொழி தமிழே. தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் இவர்களே. சவ்வாது மலையில் மட்டுமன்றி ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி மலை ஆகிய இடங்களிலும் இவர்கள் வாழ்கின்றனர்.

2023ஆம் ஆண்டு மே மாதம், அணைக்கட்டு வட்டத்தைச் சேர்ந்த அல்லேரி மலையின் சிற்றூர் ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனையை அடையும் முன்னரே குழந்தை இறந்தது. உடலைத் திரும்பக் கொண்டுவந்த ஊர்தி, பாதை இல்லாததால் வழியிலேயே நின்றுவிட்டது. பெற்ற தாய் தன் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தார். இச்செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது.

சாலை இல்லாமையின் துயரை முதலில் சுமப்பவர் பெண். பேறுகாலத்தில் தூளி கட்டித் தூக்கிச் செல்லப்படுபவரும், நோயுற்ற குழந்தையை இடுப்பில் ஏந்தி இறங்குபவரும், நியாயவிலைக் கடை அரிசியைச் சுமந்து ஏறுபவரும் அவரே. அவ்வாறாயின், எங்குச் சாலை அமைய வேண்டும் என்று முடிவு செய்யும் அவையில் முதலில் ஒலிக்க வேண்டிய குரலும் அவருடையதன்றோ?

உழைப்பில் முன்வரிசை, அவையில் பின்வரிசை

மலைவாழ் குடும்பத்தின் பொருளியலைத் தாங்குபவர்கள் பெண்கள். விதை தெரிதல், களையெடுத்தல், அறுவடை, கால்நடை பேணல், காட்டில் சிறுபொருள் சேகரித்தல் ஆகிய அனைத்திலும் அவர்கள் முன்னிற்கின்றனர். எந்த ஓடையில் கோடையிலும் நீர் ஊறும், எந்த மரம் எத்திங்களில் காய்க்கும், எந்தச் சரிவில் மண் அரிக்கும் என்பன அவர்கள் நாள்தோறும் நடந்து கற்ற அறிவு. திட்டமிடுதலுக்கு வேண்டிய அறிவும் இதுவே.

எனினும் மரபுவழி ஊர்க் கூட்டங்களில் தலைமை ஆண்களிடமே இருந்தது. நாட்டார், ஊர்க்கவுண்டர் முதலிய பொறுப்புகள் ஆண்வழியிலேயே தொடர்ந்தன. வழக்குகளைத் தீர்ப்பதும் திருவிழாவை முடிவு செய்வதும் அவர்கள் பணி. பெண்கள் அங்கே முறையிடலாம். தீர்ப்பில் பங்கேற்பது அரிது.

இக்குறை மலையூர்களுக்கு மட்டும் உரியதன்று. இந்திய அரசமைப்பை உருவாக்கிய அரசமைப்பு நிர்ணய மன்றத்தில் 15 பெண்கள் இருந்தனர். அவர்களுள் பழங்குடிப் பெண் ஒருவரும் இல்லை. பழங்குடி மக்களின் குரலாக அம்மன்றத்தில் விளங்கிய ஜெய்பால் சிங் முண்டா இக்குறையை அவையிலேயே சுட்டிக்காட்டினார்.

சட்டம் தந்த இருக்கை

1992ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட அரசமைப்பின் 73ஆம் திருத்தம், 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்வழிச் சேர்க்கப்பட்ட 243டி பிரிவு, ஊராட்சிகளில் பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் அவர்தம் மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப இடங்களை ஒதுக்குகிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட இடங்களில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் அப்பிரிவுப் பெண்களுக்கே உரியவை. பொதுவான இடங்களைக் கணக்கிடும்போதும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு உறுதி செய்யப்பட்டது.

இதனைப் பின்பற்றித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996இல் நடைபெற்றது. பெண்களுக்கான பங்கினை 50 விழுக்காடாக உயர்த்தும் திருத்தம் 2016இல் நிறைவேறியது. வேலூர் மாவட்ட ஊரக உள்ளாட்சிகளுக்கு 2021 அக்டோபரில் நடந்த தேர்தல் இந்த 50 விழுக்காட்டு அடிப்படையில் நடைபெற்றது.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஊராட்சி மன்றத் தலைவர் அலங்காரப் பதவியினர் அல்லர். அவரே ஊராட்சியின் செயல் அலுவலர். ஊராட்சி நிதியிலிருந்து பணம் வழங்கும் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் இணைந்து கையொப்பமிட வேண்டும். குடிநீர், தெருவிளக்கு, சிறு சாலைகள், துப்புரவு ஆகியன அவர் பொறுப்பில் வருகின்றன. எனவே பழங்குடிப் பெண் ஒருவர் அந்நாற்காலியில் அமர்வது ஊரின் நிதியையும் பணிகளையும் முடிவு செய்யும் நிலையில் அமர்வதாகும்.

தெரிந்து தெளிவோம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். இது மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுவினர் மிகவும் நலிவுற்ற பழங்குடியினராக வகைப்படுத்தப்பட்டுள்ளனர். தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 தொகுதிகளுள் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு மட்டும் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டவை.

இருக்கைக்கும் அதிகாரத்திற்கும் இடையே

சட்டம் இருக்கையைத் தரலாம். அதில் அமர்ந்தவர் சொல் செல்லுபடியாகும் என்று தானாகவே உறுதி செய்துவிடாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். சட்டம் ஏட்டளவில் நின்றுவிடுவதற்கு நான்கு காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, பதிலி ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் மனைவி, ஆட்சி செய்பவர் கணவர் அல்லது உறவினர் என்னும் நிலை இந்தியா முழுவதும் காணப்படுகிறது. இதனை ஆராய ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் 2023இல் குழு ஒன்றை அமைத்தது. கையொப்பம் பெண்ணுடையதாகவும் முடிவு பிறருடையதாகவும் இருக்கும்போது, தவறு நேர்ந்தால் பழி மட்டும் பெண்ணைச் சேர்கிறது.

இரண்டாவது, கல்வி இடைவெளி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு. பழங்குடியினர் எழுத்தறிவு 54.3 விழுக்காடு. பழங்குடிப் பெண்களின் எழுத்தறிவோ 46.8 விழுக்காடு மட்டுமே. அரசாணையும் வரவு செலவுக் கணக்கும் படிக்க இயலாதபோது பிறரைச் சார்ந்திருக்க வேண்டியதாகிறது. எழுத்தறியாதவர் தலைமை தாங்கத் தகுதியற்றவர் என்பது இதன் பொருளன்று. கோப்புகளின் மொழியை எளிமையாக்கி விளக்க வேண்டிய கடமை நிருவாகத்திற்கு உண்டு என்பதே இதன் பொருள்.

மூன்றாவது, தொலைவு. ஊராட்சி ஒன்றிய அலுவலகம் சமவெளியில் இருக்கிறது. ஒரு கூட்டத்திற்காக மலையிலிருந்து இறங்கி ஏற ஒரு நாள் கழியும். அந்நாளின் கூலி போகும். வீட்டுப் பணி காத்திருக்கும். ஆண் உறுப்பினர் இருசக்கர வண்டியில் சென்றுவரும் கூட்டத்திற்குப் பெண் உறுப்பினர் பேருந்துக்குக் காத்திருக்க நேர்கிறது.

நான்காவது, எண்ணிக்கை. மலை ஊராட்சிக்குள் பழங்குடியினர் பெரும்பான்மையினர். ஆனால் பல சமவெளி ஊராட்சிகளையும் உள்ளடக்கிய ஒன்றியத்திலும் மாவட்ட ஊராட்சியிலும் அவர்கள் மிகச் சிறுபான்மையினர். பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் சில மாநிலப் பகுதிகளை அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணை பாதுகாக்கிறது. அப்பகுதிகளுக்கென 1996இல் இயற்றப்பட்ட தனிச்சட்டம், ஊராட்சித் தலைவர் பதவிகளைப் பழங்குடியினர்க்கே ஒதுக்குகிறது. கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரமும் அளிக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே அச்சட்டத்தின் பயன் சவ்வாது மலைக்குக் கிட்டுவதில்லை.

இவற்றோடு சமூக மனப்பான்மையும் தடையாகிறது. 2020ஆம் ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் இனத்தைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டார் என்னும் செய்தி வெளியாகி நடவடிக்கை எடுக்கப்பட்டது. தேர்தல் தந்த நாற்காலியையே மறுக்கும் மனப்பான்மை, அந்நாற்காலியிலிருந்து எழும் சொல்லை எளிதில் ஏற்றுக்கொள்ளுமா?

தீர்மானம் என்னும் கருவி

இத்தடைகளைத் தாண்டுவதற்குப் பெண்கள் கையில் உள்ள வலிய கருவி கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் இதன் உறுப்பினர். இங்குப் பேச எவருடைய பரிந்துரையும் வேண்டியதில்லை, எப்பதவியும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடிவந்தது. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடைபெறுகின்றன.

கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்ன குறை காற்றில் கரைந்துவிடும். அதுவே தீர்மானமாக எழுதப்பட்டு, பதிவேட்டில் ஏறி, கலந்துகொண்டோர் கையொப்பம் பெற்றால் அரசு ஆவணமாகிவிடும். ‘எங்கள் ஊருக்குச் சாலை இல்லை’ என்பது முறையீடு. ‘இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர் வரை சாலை அமைக்க இச்சபை பரிந்துரைக்கிறது’ என்பது தீர்மானம். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிவதே ஊராட்சித் தலைமையின் முதற்பாடம்.

மலையூர்களில் இவ்வேறுபாடு மேலும் இன்றியமையாதது. மலைச் சாலை பெரும்பாலும் காட்டின் ஊடே செல்ல வேண்டும். காட்டு நிலத்தைப் பிற பயனுக்கு எடுப்பதற்கு 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு ஓர் எளிய வழியைத் திறந்தது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை முதலிய 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை வழங்கலாம் என அதன் 3(2) பிரிவு கூறுகிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. இவற்றோடு இன்றியமையாத நிபந்தனை ஒன்றும் உண்டு. அத்திட்டத்தைக் கிராம சபை பரிந்துரைத்திருக்க வேண்டும். அதாவது, ஊர் மக்கள் கூடி எழுதும் தீர்மானமே அங்கன்வாடிக்கும் சாலைக்குமான முதல் படியாகிறது.

இச்சட்டம் பெண்களின் பங்கேற்பை விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை. உரிமைக் கோரிக்கைகளை ஆராயக் கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இடம்பெறுவர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாக இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி, வன உரிமை குறித்த கிராம சபைக் கூட்டத்தில் கலந்துகொள்வோருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். பெண்கள் வரவில்லையெனில் கூட்டமே செல்லாது.

மேலும் இருவகை உரிமைகளை இச்சட்டம் வழங்குகிறது. மணமானவர்க்கு வழங்கப்படும் வன நில உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியப்பட வேண்டும். கடுக்காய், தேன், புளி போன்ற சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் மரபுவழி வனவாழ்நர்க்கு உரிமை உண்டு. நிலம் தன் பெயரிலும் இருக்கிறது, பொறுக்கிய கடுக்காய் தனக்கு உரியது என்று அறிந்த பெண், சபையில் தயங்காமல் எழுந்து பேசுவார். பொருளியல் உரிமை அரசியல் குரலுக்கு ஊன்றுகோலாகிறது.

வாச்சாத்திப் பெண்கள்

குரல் எழுப்புதல் எளிதன்று என்பதற்கும், எழுப்பிய குரல் வீண்போகாது என்பதற்கும் வாச்சாத்தி சான்றாகும். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலை அடிவாரத்தில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர் அது. சந்தனக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி, 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூரில் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் தாக்கப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர்.

அவர்கள் அஞ்சி ஒதுங்கிவிடவில்லை. பழங்குடி மக்கள் சங்கமும் பிறரும் துணைநிற்க, நீதிமன்றப் படிகளில் ஏறினர். வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. குற்றவாளிகளை அடையாளம் காட்டினர். குறுக்கு விசாரணைகளைத் தாங்கினர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் உயிருடன் இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

31 ஆண்டுகள் ஒரே உண்மையை ஒரே குரலில் சொல்லி நின்ற அப்பெண்கள் எப்பதவியிலும் இருந்தவர்கள் அல்லர். தலைமை என்பது பதவியால் மட்டும் வருவதன்று என்பதை அவர்கள் வாழ்வு உணர்த்துகிறது. அதேவேளை, இத்தகையோர்க்கு ஆட்சியில் இடம் இருந்திருந்தால் நீதி இத்துணைக் காலம் காத்திருந்திருக்குமா என்னும் கேள்வியையும் அது எழுப்புகிறது.

தலைமையை வளர்ப்பவை

தலைமைப் பண்பு பழகப் பழக வளர்வது. அதற்கான முதற்களம் மகளிர் சுயஉதவிக் குழு. தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தால் தொடங்கப்பட்டன. கூட்டம் நடத்துதல், கணக்கு எழுதுதல், வங்கிக்குச் செல்லுதல், கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்த்தல் ஆகியன இங்குப் பழக்கமாகின்றன. பத்துப் பேர் நடுவே பேசிப் பழகிய பெண்ணுக்கு நூறு பேர் கூடும் சபை அச்சம் தருவதில்லை.

இரண்டாவது களம் பள்ளி. சவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடியினரிலிருந்து உரிமையியல் நீதிபதிப் பணிக்குத் தேர்வான முதல் பெண்ணாக 2024 பிப்ரவரியில் அறியப்பட்டார். மகப்பேறு முடிந்த ஓரிரு நாள்களிலேயே சென்னைக்குப் பயணம் செய்து அவர் தேர்வு எழுதினார். தமிழ்வழியில் பயின்றோர்க்கான முன்னுரிமையும் அவருக்குத் துணைநின்றது. நீதிமன்றத்தில் நீதி கேட்டு நின்ற சமூகத்திலிருந்து நீதி வழங்கும் இருக்கைக்கு ஒரு பெண் உயர்ந்திருக்கிறார்.

மூன்றாவது களம் உள்ளாட்சியே. ஒடிசாவைச் சேர்ந்த சந்தால் பழங்குடிப் பெண்ணான திரௌபதி முர்மு, 1997இல் ராய்ரங்பூர் பேரூராட்சியின் உறுப்பினராகத் தம் பொதுவாழ்வைத் தொடங்கினார். பின்னர்ச் சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர், ஜார்க்கண்ட் ஆளுநர் எனப் படிப்படியாக உயர்ந்து, 2022 ஜூலை 25 அன்று இந்தியக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். ஒடுகத்தூரும் ஒரு பேரூராட்சியே என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

இம்மூன்று களங்களும் பயன்தர, அரசும் சமூகமும் செய்ய வேண்டியவை உள. மலைப் பெண் உறுப்பினர்களுக்கு அவர்கள் ஊரிலேயே பயிற்சி அளித்தல், ஒன்றியக் கூட்டங்களுக்குச் சென்றுவரப் பயண வசதியும் படியும் உரிய காலத்தில் வழங்குதல், முன்னாள் பெண் தலைவர்களைப் புதியவர்களுக்கு வழிகாட்டிகளாக்குதல், பதிலி ஆட்சியைத் தடுத்தல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இட ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறுவது. ஒதுக்கீடு மாறியபின்பும் அப்பெண் பொதுவாழ்வில் நீடிக்க இவ்வளர்ச்சியே வழிவகுக்கும்.

உலக அரங்கில்

தொல்குடி மக்களின் உரிமைகள் குறித்த அறிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 செப்டம்பர் 13 அன்று ஏற்றது. தம் உரிமைகளைப் பாதிக்கும் முடிவுகளில், தாமே தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் வழியே பங்கேற்க அம்மக்களுக்கு உரிமை உண்டு என அது கூறுகிறது. இந்தியாவிலும் மக்களவை, சட்டமன்றங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் 106ஆம் அரசமைப்புத் திருத்தம் 2023இல் நிறைவேறியது. பழங்குடியினர்க்கான தொகுதிகளிலும் இவ்வொதுக்கீடு உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதனையொட்டிய தொகுதி மறுவரையறையும் முடிந்தபின் செயல்படுத்தும் வகையில் அது இயற்றப்பட்டது.

மன்றங்கள் உயர்ந்தவை ஆகலாம். அவற்றுக்கான படிகள் ஊரில்தான் தொடங்குகின்றன. மலையூர்ப் பெண் ஒருவர் கிராம சபையில் எழுந்து, ‘எங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்’ என்று கேட்கும் நாளில், சட்டம் தந்த இருக்கை அதிகாரமாக மாறத் தொடங்குகிறது. ஓரிரு ஆண்டுகளில் வாக்காளராகப்போகும் மாணவர்களே, அச்சபையில் உங்களுக்கும் ஓர் இடம் காத்திருக்கிறது. அங்கே உங்கள் குரலோடு, இதுவரை கேட்கப்படாத குரல்களும் ஒலிக்க இடம் தருவது உங்கள் கடமையாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் நடைபெறும் கிராம சபை அல்லது பகுதி சபைக் கூட்டத்தைப் பார்வையிட்டு, பேசிய பெண்களின் எண்ணிக்கையையும் அவர்கள் எழுப்பிய சிக்கல்களையும் அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பகுதியின் தேவை ஒன்றினை முறையீடாகவும் தீர்மானமாகவும் தனித்தனியே எழுதி, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. மலையாளி என்னும் பழங்குடிப் பெயரின் பொருள் யாது?
2. கிராம சபை தமிழ்நாட்டில் எந்தெந்த நாள்களில் கூடுகிறது?

சிறுவினா
1. வன உரிமைச் சட்டம் பெண்களின் பங்கேற்பை எவ்வாறு உறுதி செய்கிறது?
2. வாச்சாத்திப் பெண்களின் போராட்டம் உணர்த்தும் தலைமைப் பண்பினை விளக்குக.

நெடுவினா
1. ‘சட்டம் இருக்கையைத் தரலாம், அதிகாரத்தைப் பழக்கமே தரும்.’ இக்கூற்றைப் பாடக் கருத்துகளின் துணையோடு ஆராய்க.